இடுக்கு, ஈரம், இரை
ஆலை நகரத்துப் பழைய வீடுகளும் அழையா விருந்தாளிகளும்

கோவை நகரில் முதல் நூற்பாலை 1888ஆம் ஆண்டு எழுந்தது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகள் பெருகின. அவற்றோடு தொழிலாளர் குடியிருப்புகளும் பெருகின. இவற்றை 'லைன் வீடு' என்று அழைப்பது வழக்கம். நீளமான ஒரே ஓட்டுக் கூரை. அதன் கீழே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர். வாசலை ஒட்டி எல்லாருக்குமாக ஒரே சாக்கடை. ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. ஆனால் இத்தகைய வீடுகள் பல இன்னும் இருக்கின்றன. கரப்பான், மூட்டைப்பூச்சி, கரையான், எலி ஆகியவையும் அங்கே குடியிருக்கின்றன.

நான் வளர்ந்தது அப்படி ஒரு வீட்டில்தான். இளங்கலை படித்துக்கொண்டிருந்தபோது, முதல்முறை கிடைத்த உதவித்தொகையில் பூச்சிமருந்து வாங்கி வந்து வீடு முழுவதும் அடித்தேன். இரண்டு நாள் ஒரு கரப்பானைக்கூடக் காணவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். "ஏந்தம்பி, மருந்து அடிச்சீங்களாட்ட இருக்குது? அத்தனையும் எங்கூட்டுக்கு வந்துருச்சுங்களே!" என்றார். அவர் அடித்தபோது அவை எங்கள் வீட்டுக்குத் திரும்பின.

இந்த நிகழ்ச்சியில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மருந்து ஏன் போதவில்லை?

டி.டி.டி. என்னும் வேதிப்பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த 1940களின் இறுதியிலேயே டி.டி.டி.க்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் தோன்றிவிட்டன!

காரணம் எளியது. ஆயிரம் பூச்சிகளில் ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் தன்மை பிறப்பிலேயே இருக்கக்கூடும். மற்றவை மடிந்தபின் அந்த ஒன்றிரண்டே பெருகுகின்றன. அடுத்த தலைமுறையில் பெரும்பாலானவை தாங்கும் தன்மையுடன் பிறக்கின்றன. நாம் மருந்தின் அளவைக் கூட்டுகிறோம். அதை மூச்சில் இழுப்பது நம் வீட்டுக் குழந்தைகளே.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில் நடந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். எலிகளை ஒழிக்க வீட்டுக்குள் நச்சு மருந்து வைக்கப்பட்டது. அன்றிரவு அவ்வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டனர். எலிக்கு வைத்த நஞ்சுக்கு எலி எது, குழந்தை எது என்று தெரியாது.

ஆகவே மருந்தைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, முதலில் வேறொரு கேள்வி கேட்போம். இவ்வுயிர்கள் நம் வீட்டை ஏன் நாடுகின்றன? அவற்றுக்கு வேண்டியவை மூன்றுதாம்: ஒளிந்துகொள்ள இடுக்கு, உயிர் தாங்க ஈரம், உண்ண இரை. இவற்றில் முதல் இரண்டும் இயற்பியல் சார்ந்தவை. இடுக்கற்ற சுவரைத் தாங்கிக்கொள்ளும் பூச்சி இனம் இன்னும் பிறக்கவில்லை.

ஈரம்: சிறிய உடலின் பெரிய தொல்லை

ஒரு சிறு கணக்கு. ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 600 சதுர செ.மீ.; கனஅளவு 1000 கன செ.மீ. ஆக, ஒரு கன செ.மீ.க்கு 0.6 சதுர செ.மீ. பரப்பு. பக்கம் 1 செ.மீ. ஆனால் இது 6 ஆகிறது, 1 மி.மீ. ஆனால் 60 ஆகிறது. உருவம் சிறுக்கச் சிறுக்க, உடலின் அளவை நோக்கப் பரப்பு பெருகுகிறது. நீர் ஆவியாவது பரப்பின் வழியாகத்தானே? எனவே பூச்சி போன்ற சிற்றுயிர் எளிதில் உலர்ந்துவிடும் அபாயத்தில் வாழ்கிறது.

இதற்கு இயற்கை தந்த காப்பு, பூச்சியின் மேல்தோலில் உள்ள மிக மெல்லிய மெழுகுப் படலம். அந்தப் படலம் சிதைந்தால் பூச்சி உலர்ந்து மடியும். சில நுண்ணிய தூள்கள் மெழுகை உராய்ந்து நீக்குகின்றன. வேறு சில அதை உறிஞ்சிக்கொள்கின்றன. பிரிட்டிஷ் அறிஞர் விக்கிள்ஸ்வொர்த் 1940களில் இதை ஆராய்ந்து விளக்கினார். தானியத்தில் சாம்பல் கலந்து வைத்த நம் பாட்டிமார் இதன் பயனைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். ஆனால் தூள் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் பயன் குறைந்துவிடும்.

சமையலறையில் திரியும் சிறு கரப்பானுக்குத் தண்ணீர் மட்டும் கிடைத்தால் உணவின்றி ஒரு மாதம்வரைகூடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் கிடைக்காவிட்டால் இரண்டு வாரத்தைத் தாண்டுவதே அரிது. ஆகவே இரவில் படுக்குமுன் கழுவும் தொட்டியைத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். சொட்டும் குழாய்க்கு ஐந்து ரூபாய் வாஷர் போடுவது, விலை உயர்ந்த மருந்தைவிடப் பயன் தரும்.

கரையானின் கதையும் ஈரத்தின் கதையே. சுவரில் அது கட்டும் மண் பாதையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மென்மையான அதன் உடல் உலர்ந்துவிடாமல் காக்கும் மூடிய சாலை அது. பழைய வீடுகளில் அதற்கு ஈரம் எங்கிருந்து கிடைக்கிறது? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் உள்ள நுண்ணிய துளைகள் வழியே நிலத்தடி ஈரம் மேலேறுகிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். குழாயின் ஆரம் 1 மி.மீ. ஆனால் நீர் ஏறத்தாழ 1.5 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. ஆனால் 15 செ.மீ.; 0.01 மி.மீ. ஆனால் கணக்குப்படி ஒன்றரை மீட்டர்! வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு தட்டில் ஒரு விரற்கடை நீர் ஊற்றி அதில் உலர்ந்த செங்கல் ஒன்றை நிறுத்துங்கள். சில மணி நேரத்தில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஈரச் சுவரை மறைக்கப் பலர் சிமென்டுப் பூச்சுப் பூசுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் வெளியே மூச்சுவிடும் வழியை அது அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் பூச்சுக்கு மேலே இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. சுவரோரம் தேங்கும் நீரை வடியவைப்பதும், விறகையும் பழைய தாள்களையும் சுவரைத் தொடாமல் வைப்பதும், சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுவதும் நல்லவை. மண் பாதையைச் சுரண்டிவிட்டு, அது மீண்டும் கட்டப்படுகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். கட்டப்பட்டால் அந்தச் சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

இடுக்கு: எவ்வளவு சிறியது போதும்?

2016ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாக்கடைகளில் வாழும் பெரிய கரப்பானைச் சோதித்தனர். நடக்கும்போது அதன் உயரம் ஏறத்தாழ 12 மி.மீ. ஆனால் 3 மி.மீ. இடுக்கில் அது ஒரு நொடியளவில் தன்னை நசுக்கிக்கொண்டு நுழைந்துவிட்டது! ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கினால் வரும் கனம் இவ்வளவுதான். பென்சில் நுழையும் துளை சுண்டெலிக்குப் போதும். கட்டைவிரல் நுழையும் துளை எலிக்குப் போதும்.

ஆகவே ஒரு பென்சிலும் இரண்டு நாணயங்களும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவுக்கு அடியிலும், குழாய் சுவரைத் துளைக்கும் இடத்திலும், பொதுச்சுவரின் விரிசலிலும் வைத்துப் பாருங்கள். விரிசலைக் காரையால் அடைக்கலாம். எலித் துளைக்குக் காரை மட்டும் போதாது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அது கொறித்துக்கொண்டே இருக்கும். எனவே துளைக்குள் இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்து அதன்மேல் காரை பூச வேண்டும். சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று வர வேண்டிய இடைவெளியில் கால் அங்குலக் கம்பி வலை அடிக்கலாம்.

எலியை இழிவாக எண்ணிவிடக் கூடாது. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நகரைப் பிளேக் நோய் வாட்டியதன் நினைவு அவை. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறது என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் கண்டறிந்தார். எலி இறந்ததும் தெள்ளு அடுத்த உடலைத் தேடி மனிதனிடம் வருகிறது. பிளேக் அச்சம் இன்று இல்லை என்றாலும், எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் பரவுகிறது. எலியை வீட்டுக்குள் விட்டுக் கொல்வதைவிட, உள்ளே வராமல் தடுப்பதே மேல்.

வெப்பம் என்னும் ஆயுதம்

மூட்டைப்பூச்சி உணவின்றி மாதக்கணக்கில் உயிர்வாழும். ஆனால் 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை அதனால் தாங்க முடியாது. முட்டைகள் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 60 பாகையில் அவையும் அழியும். கட்டிலின் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றும் பழைய வழக்கம் அறிவியலுக்கு முற்றிலும் உகந்தது.

மெத்தையை வெயிலில் போட்டால் போதாதா? போதாது. பஞ்சினுள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேற்பரப்பு சுடும்போதும் நடுப்பகுதி அவ்வளவு சூடாகாது. பூச்சியும் நிழல் பக்கம் நகர்ந்துவிடும். துணிகளையும் உறைகளையும் சூடான நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். மெத்தையின் தையலோரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மண்ணெண்ணெயைத் தடவாதீர்கள், அது தீக்கு அழைப்பு.

ஒலிக் கருவிகளை நம்பலாமா?

மின்செருகியில் பொருத்தினால் மீயொலி எழுப்பிப் பூச்சிகளையும் எலிகளையும் விரட்டும் என்று கூறும் கருவிகளைப் பற்றி மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். 20,000 ஹெர்ட்சில் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 17 மி.மீ. இவ்வளவு குறுகிய அலை பீரோவையும் சுவரையும் சுற்றி வளைந்து செல்லாது. துணிகள் அதை உறிஞ்சிவிடும். எலியும் சில நாளில் அவ்வொலிக்குப் பழகிவிடும். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2001இல் இக்கருவிகளைத் தயாரிப்போரையும் விற்போரையும், தக்க சான்றின்றி விளம்பரம் செய்யலாகாது என்று எச்சரித்தது.

மருந்து வேண்டியே வந்தால்

தானியக் கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை ஒருபோதும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயு வெளியாகும். அதன் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. காற்றைவிடக் கனமான அந்த வாயு, தரையில் பாய் விரித்துப் படுக்கும் நம் வீடுகளில் மிகவும் ஆபத்தானது. கதவடைத்துக் குளிர்பதனம் செய்த அறையில் அது வெளியேறவும் வழியில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. எங்காவது பழைய குழாய் எஞ்சியிருந்தால் குழந்தைகளின் கைக்கு எட்டவிடாதீர்கள். தவறி ஒருவர் சிறிதளவு தின்றுவிட்டால்கூட, நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரியச் சில நாளாகலாம்.

பத்து வீட்டுக்கு ஒரு வேலை

மீண்டும் எங்கள் லைன் வீட்டுக்கு வருவோம். நான் செய்த தவறு என்ன? பத்து வீடும் சேர்ந்து ஒரே கட்டடம் என்பதை மறந்து, என் வீட்டைத் தனித் தீவாக எண்ணியதுதான். சுவரும் கூரையும் சாக்கடையும் பொதுவாக இருக்கும்போது பூச்சிகளும் பொதுச் சொத்துத்தான்!

அந்த அக்காவே பிறகு எல்லாரையும் கூட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து வீட்டாரும் ஒரே நாளில் வேலையில் இறங்கினோம். பொதுச்சுவரின் விரிசல்களை இரண்டு பக்கமும் அடைத்தோம். சாக்கடைத் துளைகளுக்கு ஜாலி மூடி போட்டோம். கூரை இடைவெளியில் வலை அடித்தோம். எல்லா வீட்டுக் கட்டில்களும் வாசலுக்கு வந்து கொதிநீர் குளித்தன. செலவு வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொண்டோம். அதன்பின் கரப்பான் அடியோடு ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரவில் விளக்கைப் போட்டால் கூட்டமாக ஓடியவை, எப்போதோ ஒன்று என்ற நிலைக்கு வந்தன. மருந்து வாங்கும் செலவும் நின்றது.

வாசக நண்பர்களே, நீங்களும் வரிசை வீட்டில் வசிப்பவரானால், மருந்துக் கடைக்குப் போகுமுன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கையில் ஒரு பென்சிலும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களும் இருக்கட்டும்.