பளபளப்புக்கு அடியில்

வாட்டர் வாஷ் முடிந்து வந்த காரின் பானட்டை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்றுதான் இருக்கும். அதே கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு மறுபடி தடவுங்கள். பொடிப்பொடியாக ஏதோ நெருடும். வெறும் விரல் பெயிண்ட்டின் மீது ஒட்டி ஒட்டித்தான் நகர்கிறது. அந்த இழுப்பில் சின்னஞ்சிறு மேடுகள் உணர்வில் பதியாமல் போகின்றன. பை வழுக்கிக்கொண்டு போவதால் மேடுகள் மட்டும் தனித்துத் தெரிகின்றன. விரல் நுனிக்கு இருக்கும் கூர்மையே தனி அதிசயம். சுவீடனின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளைக்கூட மனிதர்கள் விரலால் தடவியே கண்டுபிடித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்.

பைக்குள் இருக்கும் கைக்கு நெருடுவதில் பெரும்பங்கு இரும்பு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வார்ப்பிரும்பு டிஸ்க் தேய்கிறது. சூடான துகள்கள் பறந்து போய்ப் பெயிண்ட்டில் அமர்கின்றன. நம் வண்டியில் வந்தது மட்டுமல்ல, முன்னால் போகிற லாரியில் வந்ததும் சேரும். அமர்ந்த துகள் துருப்பிடித்து ஊதிப் பெருத்து இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. வெள்ளைக் காரில் காணும் ஆரஞ்சுப் புள்ளிகள் பெரும்பாலும் இவைதான். இவற்றோடு தார்த் துளி, மரப்பிசின், சிமெண்ட் தூசி, போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு வட்டங்கள். ஷாம்பூ இவற்றில் எதையும் அசைப்பதில்லை.

இந்தப் பரப்பின் மேல் பாதுகாப்புப் பூச்சான சீலண்ட்டைப் பூசினால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ளத் தடிமன்களைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலைப் பெயிண்ட் மொத்தமும், அதாவது துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, பிரைமர், நிறம், அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய 100 முதல் 130 மைக்ரான். ஒரு தலைமுடியை விடக் கொஞ்சம் கூடுதல். இதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவில் இருக்கும். அதன் மேல் நாம் பூசும் சீலண்ட் பெரும்பாலும் ஒரு மைக்ரானைக்கூட எட்டுவதில்லை. செராமிக் கோட்டிங் என்றால் ஓரிரு மைக்ரான். ஒட்டியிருக்கும் இரும்புத் துகளோ பல மைக்ரான் பருமன் உள்ளது. பூச்சை விட அழுக்கு பெரியது! ஆகவே அழுக்கைப் பூச்சால் மூட முடியாது. பூச்சு அழுக்கின் மேல்தான் ஒட்டும், அழுக்கு உதிரும்போது தானும் சேர்ந்து போகும். ஐயாயிரம் ரூபாய் பொருளைப் பூசியும் இரண்டே மாதத்தில் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் பொருளைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குறை அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இரும்பை எடுப்பது. இதற்கான திரவத்தில் இருப்பது தயோகிளைகோலேட். அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டவும், முடி நீக்கும் கிரீம்களிலும் பயன்படுகிற அதே வேதிக் குடும்பம். கந்தகம் கலந்த அந்த வாடையும் அதே. நிறமில்லாமல் தெளிக்கப்படும் திரவம், துருவோடு சேர்ந்த ஓரிரு நிமிடங்களில் ஊதாவாக மாறிக் கதவில் வழியத் தொடங்கும். இரும்பைப் பிணைத்துக் கரைத்து எடுக்கும்போது உருவாகும் கூட்டுப்பொருளின் நிறம் அது. சுத்தமாகத் தெரிந்த வெள்ளைக் காரில் ஊதா நீர் ஓடுவதை ஒருமுறை பார்த்தவர் அதன்பின் எந்தக் காரையும் பழைய கண்ணால் பார்க்க மாட்டார். திரவம் காயும் முன் கழுவிவிட வேண்டும். வெயிலில் சுடும் பானட்டில் தெளிக்கவே கூடாது.

கரையாதவற்றை எடுக்கக் களிமண் போன்ற கிளே பார். ஜப்பானின் தடாவோ கொடாடே இதற்கு 1990களில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிசையக்கூடிய பாலிமருக்குள் மிக நுண்ணிய அரைப்பான் தூள் கலந்திருக்கும். பெயிண்ட்டின் மீது வழுக்கும் நீர்மத்தைத் தெளித்து அதை மெல்ல ஓட்டினால், பரப்புக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பவை மட்டும் அதில் சிக்கி வெளியே வரும். அழுத்தம் தேவையில்லை. கீழே விழுந்த துண்டை மட்டும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது; மண் ஒட்டிய கிளே பெயிண்ட்டை உழுதுவிடும்.

இப்போது கீறல்கள். நடுப்பகல் வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ கறுப்புக் காரைப் பார்த்தால் ஒளியைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் வந்த வட்டங்கள் என்று பலர் சொல்வார்கள். ஒரு அடி நகர்ந்து பாருங்கள், வட்டத்தின் மையமும் உங்களோடு நகரும்! உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி எந்தக் கீறல் தொடுகோடாக அமைகிறதோ அது மட்டும் ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. மற்றவை இருட்டிலேயே இருக்கின்றன. வட்டம் காரில் இல்லை, ஒளியும் கண்ணும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன.

அந்தக் கீறல்கள் வரும் வழி நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. தினமும் காலையில் தூசி படிந்த காரை ஒரே ஈரத்துணியால், ஒரே வாளித் தண்ணீரில் துடைப்பது. தூசியில் கலந்திருக்கும் குவார்ட்சு மணல் சாதாரண எஃகையே கீறும். கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக். முதலில் நிறையத் தண்ணீர் பாய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, பிறகு நுரையோடு துணியைத் தொடச் சொல்வதன் காரணம் இது மட்டுமே.

பாலிஷ் போடுவது கீறலை நிரப்புவதல்ல. அலுமினியம் ஆக்சைடு துகள்களால் கிளியர் கோட்டைக் கீறலின் ஆழம்வரை தேய்த்துக் குறைப்பது. நல்ல கையில் ஓரிரு மைக்ரான் போகும். போனது போனதுதான், பெயிண்ட் மறுபடி வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்களும் அந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. அதனால் ஆழமான ஒற்றைக் கீறலைத் துரத்திக்கொண்டு போய் நிறம் வரை இறங்குவதை விட, அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது என்பேன். ஆண்டுதோறும் பஃபிங் செய்யச் சொல்லும் கடைக்குத் தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம்.

பாலிஷ் முடிந்ததும் கார் கண்ணாடியாக மின்னும். அவசரம் வருவதும் இங்கேதான். பாலிஷில் இருந்த எண்ணெய் ஒரு மெல்லிய படலமாகப் பரப்பில் நிற்கிறது. சில கீறல்களை நிரப்பி மறைத்தும் வைத்திருக்கிறது. இவ்வளவு மெல்லிய படலம் என்ன செய்துவிடும்? ஜெர்மனியில், பெண் என்பதால் பல்கலைக்கழகம் போக வழியில்லாத ஆக்னஸ் போக்கல்ஸ், வீட்டிலேயே ஒரு தகரத் தொட்டி வைத்துத் தண்ணீரின் மேற்பரப்பில் எண்ணெய்த் தடம் என்ன மாற்றம் செய்கிறது என்று அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ரேலி பிரபு 1891இல் 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். பின்னாளில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியரும் கேதரின் பிளாட்ஜெட்டும் அத்தகைய படலங்களைக் கண்ணாடி மீது ஏற்றினார்கள். சுமார் 2.5 நானோமீட்டர் தடிமன், அதாவது ஒரே ஒரு மூலக்கூறு அடுக்குக் கொழுப்பமிலம் இருந்தாலே தண்ணீர் அந்தக் கண்ணாடியில் ஒட்டாமல் விலகிவிடும். மேலே வந்து படுகிற பொருளுக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டும்தான். அடியில் இருப்பது கண்ணாடியா, பெயிண்ட்டா என்பது அதற்கு எட்டவே எட்டாது. எண்ணெய் பட்ட தாளில் பேனா மை இறங்காதது போல, சீலண்ட்டும் பெயிண்ட்டைத் தொடாமலே நிற்கும்.

அதனால்தான் தண்ணீரில் நீர்த்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்துப் பகுதி பகுதியாகத் துடைக்கிறார்கள். நீர்க்காமல் பயன்படுத்தினால் கிளியர் கோட் மென்மையாகிவிடலாம். புதிதாகப் பெயிண்ட் அடித்த பகுதி என்றால், கரைப்பான் முழுதும் வெளியேறச் சில வாரங்கள் விட்டுவிட வேண்டும். துடைத்த பின் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். முத்து முத்தாக உருண்டால் எண்ணெயோ பழைய வாக்ஸோ இன்னும் போகவில்லை. தட்டையாகப் படர்ந்து சோம்பலாக வடிந்தால், காயவிட்டுப் பூச ஆரம்பிக்கலாம்.

பூசிய பின் செராமிக் வகைகள் காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கிக்கொண்டே சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்புகளாக இறுகுகின்றன. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது விரைவாக நடக்கும். சிறு பகுதியாகப் பூசி உடனே துடைத்தெடுக்காவிட்டால் திட்டுத் திட்டாக உறைந்துவிடும். முதல் நாளாவது மழை படாமல் நிறுத்த வேண்டும். சில மாதங்கள் கழித்துத் தண்ணீர் உருள்வது நின்றால் பூச்சு போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் அதன் மேல் புதிதாக இரும்பும் சுண்ணாம்பும் படிந்து மூடியிருக்கும். அவற்றைக் கரைத்துக் கழுவினால் தண்ணீர் மறுபடி உருளத் தொடங்கும்.