போன் மிரட்டலும் நம் உடம்பும்



காலையிலிருந்து செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வீடு திரும்புகிறீர்கள். ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்க உட்காரும்போது கைப்பேசி அடிக்கிறது. தெரியாத எண். "போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் பேரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. கைது வாரண்டு தயார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது" என்று ஒரு குரல் மலாய் மொழியில் மிரட்டுகிறது.

அந்த நிமிஷம் உங்கள் உடம்பைக் கவனித்திருக்கிறீர்களா? நெஞ்சு படபடக்கிறது. கை வேர்க்கிறது. நாக்கு வறண்டு போகிறது. பாம்பைக் கண்டால் வரும் அதே பயம்தான். அப்போது அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது. ஓடித் தப்ப அது உதவும். நிதானமாக யோசிக்க உதவாது. மோசடிக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் போனை வைக்க விடாமல் மணிக்கணக்கில் பேசுகிறான். போனை வைத்தால் பயம் தெளியும். தெளிந்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்பீர்கள். அவன் வேஷம் கலைந்துவிடும்.

இதை நம் நாட்டில் 'மக்காவ் ஸ்கேம்' என்கிறார்கள். போலீசோ, கோர்ட்டோ, பேங்க் நெகாராவோ வழக்கை முடித்துத் தருகிறோம் என்று போனில் பணம் கேட்காது. "நமக்குப் படிப்பில்லே, அதான் ஏமாந்தோம்" என்றும் நினைக்க வேண்டாம். ஆசிரியர்களும் டாக்டர்களும்கூட ஏமாந்திருக்கிறார்கள்.

ஆகவே நெஞ்சு படபடத்தால், அதையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொண்டு இப்படிச் செய்யுங்கள்:

1. போனை வையுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம்.

2. தண்ணீர் குடித்து, 10 தடவை மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள்.

3. வீட்டில் உள்ளவரிடமோ தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ உடனே சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்பவன்தான் திருடன்.

4. சந்தேகம் தீராவிட்டால் போலீஸ் நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். திரையில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அதை மாற்றிக் காட்ட முடியும்.

5. பேங்கு அனுப்பும் டேக் எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 997-க்கு அடியுங்கள். இது 2022-ல் அரசாங்கம் அமைத்த தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். கொஞ்ச நேரம் பிந்தினாலும் பணம் பல கணக்குகளுக்குக் கை மாறிவிடும். பிறகு போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

இன்னொரு வகை போனும் வருகிறது. "சீனி வியாதி ஒரே மாதத்தில் போய்விடும், கிளினிக் மாத்திரையை நிறுத்துங்கள்" என்று தூளும் கேப்சூலும் விற்கிறார்கள். பதிவு பெறாத இத்தகைய சில பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. அது இரத்தத்தில் சீனியை ஏற்றிவிடும். பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் தொடாதீர்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

கடைசியாகக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. பல வருஷம் சேர்த்த சேமநிதிப் பணம் போனவருக்குத் தூக்கம் போகிறது, சோறு இறங்குவதில்லை. ஏற்கெனவே சீனி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இந்தக் கவலையால் இரண்டும் ஏறலாம். அந்த நேரத்தில் "உனக்கு எங்கே போச்சு புத்தி?" என்று ஏசாதீர்கள். குற்றவாளி ஏமாற்றியவனே. கூட உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுங்கள். கிளினிக்குக் கூட்டிப்போய்ச் சீனியும் கொதிப்பும் பார்க்கச் சொல்லுங்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்று அவர் சொன்னால் அதை லேசாக எடுக்காமல், தனியே விடாமல், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணில் இரவும் பகலும் பேசலாம்.

போன பணத்தை மறுபடி உழைத்துச் சேர்க்கலாம். ஆளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.