லெஸ்டரிலிருந்து வந்த சின்ன மிஸ்

என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகள் லெஸ்டரிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "சாச்சி, சோதனை முடிஞ்ச உடனே எங்கயாச்சும் வெளிநாட்டுக்குப் போய்ச் சின்னப் புள்ளைகளுக்கு இங்கிலீஷ் படிச்சுக் குடுக்கணும் எண்டு நினைக்கிறன். சம்பளம் வேணாம், சும்மாதான். ஆனா என்ட கையில ஒரு சேட்டிபிகேட்டும் இல்ல. ஏத்துக்குவாங்களா?"

வயது 18. பிறந்ததும் வளர்ந்ததும் இங்கிலாந்தில். வீட்டுக்குள் மருதமுனைத் தமிழ், வாசலைத் தாண்டினால் ஆங்கிலம். இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவாள். நான் கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 4, 5 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் பதில் அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்படி ஒரு பிள்ளை எங்களூருக்கு வந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

கூடாரத்தில் ஒரு பனி மனிதன்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் கரையோரம் முழுக்க மையித்து. பாடசாலைகள் முகாம்களாயின. மாதம் திரும்புவதற்குள் வெளிநாட்டார் வந்து இறங்கினார்கள். டாக்டர்கள் வந்தார்கள், உப்பேறிய கிணறுகளை இறைக்கிறவர்கள் வந்தார்கள், கூடாரம் கட்டுகிறவர்கள் வந்தார்கள். அவர்களோடு, பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த பிள்ளைகள் சிலரும் வந்தார்கள்.

அப்படி வந்த ஒருத்திக்கு 19 வயது. எனக்கு 18, உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருந்த காலம். வாப்பா தபால் கந்தோரில் இருந்தவர், வீட்டுக்கு டெய்லி நியூஸ் வரும். அதனால் எனக்கு ஓரளவு ஆங்கிலம் ஓடும். அவளுக்கு மொழிபெயர்க்க என்னை விட்டார்கள். கூடாரத்துக்குள் முப்பது பிள்ளைகள். அவள் ஒவ்வொரு படமாகத் தூக்கிக் காட்டினாள். எஸ் என்ற எழுத்துக்கு ஸ்னோமேன். நான் "பனியில செஞ்ச மனிசன்" என்றேன். ஒருவன் கேட்டான்: "மீன்வாடி ஐஸாலயா?" கூடாரமே சிரித்தது. அவளுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை.

பிறகு தினமும் ஒரு பாடம்: "ஹவ் ஆர் யூ?" பிள்ளைகள் ஒரே குரலில் கத்த வேண்டும்: "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ!" உம்மாவைக் கடலுக்குக் கொடுத்த ஏழு வயதுப் பையன் ஒருவன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவான். ஒருநாள் என் சட்டையை இழுத்து, "ராத்தா, அதுக்கு என்ன கருத்து?" என்று கேட்டான். சொன்னேன். அடுத்த நாள் அவன் வாயைத் திறக்கவில்லை.

மூன்று கிழமையில் அவள் போய்விட்டாள். நல்ல பிள்ளை, அழுதுகொண்டே போனாள். மறுநாளும் பிள்ளைகள் கூடாரத்தடியில் வந்து குந்தியிருந்தார்கள். அவளிடம் ஆங்கிலம் இருந்தது, என்னிடம் தமிழ் இருந்தது. படிப்பிக்கத் தெரிந்தவர் எங்கள் இருவரிலும் இல்லை. அந்தக் குறை என்னை உறுத்தித்தான் பிறகு கல்வியியற் கல்லூரிக்குப் போனேன். இரண்டு வருடம் விடுதியில் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. முதல் பாடத்திலேயே அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

கடதாசி எங்கே கேட்கிறார்கள்?

சான்றிதழ் இல்லாத இளசுகளைக் கடல் கடந்து அனுப்புவது புதிதல்ல. 1958இல் அலெக் டிக்சனும் மனைவி மோராவும் பிரித்தானியாவில் தொடங்கிய வி.எஸ்.ஓ. அமைப்பு முதலில் அனுப்பியதே பள்ளி முடித்த 18 வயதுக்காரர்களைத்தான். காலப்போக்கில் அதே அமைப்பு தொழில் தெரிந்தவர்களே வேண்டும் என்று மாறியது. போன இடங்களில் ஆட்களுக்குக் குறைவில்லை, அனுபவத்துக்குத்தான் குறை என்று கண்டுகொண்டார்கள். 1967இல் தொடங்கி, ஸ்கொட்லாந்தின் கோல் என்ற சின்னத் தீவிலிருந்து இயங்கிய புரொஜெக்ட் டிரஸ்ட் 17 முதல் 19 வயது வரையான பிள்ளைகளையே எடுத்தது. ஆனால் தீவுக்கு அழைத்துத் தெரிவுசெய்து, பயிற்சி கொடுத்து, எட்டு மாதமோ ஒரு வருடமோ ஓரிடத்திலேயே இருக்கும்படி அனுப்பியது. அமெரிக்காவின் பீஸ் கோர் 1962இலேயே இலங்கைக்கு வந்தது. அதில் சேருகிறவர் முதலில் சில மாதம் போகும் நாட்டின் மொழியையும் வேலையையும் படித்துவிட்டுத்தான் வகுப்பில் கால் வைப்பார்.

சம்பளத்துக்குப் போவதென்றால் கதவு இன்னும் இறுக்கம். ஜப்பான் அரசு 1987இல் தொடங்கிய ஜெட் திட்டத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம். பல நாடுகளில் மொழிப் பள்ளிகள் கேட்கும் செல்டா என்ற கேம்பிரிட்ஜ் சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேரப் பாடம். அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால், பயிற்றுநர் பார்த்துக்கொண்டிருக்கப் படிப்பித்துக் காட்ட வேண்டும். இணையத்திலும் 120 மணி நேரம் என்று போட்ட சான்றிதழ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பலதில் ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் அந்த ஆறு மணி நேரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்களூர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. 1948இல் தொடங்கிய ஐசெக் என்ற மாணவர் அமைப்பு 18 முதல் 30 வயது வரையானவர்களை ஆறு, எட்டுக் கிழமைக்கு வேறு நாடுகளுக்குத் தொண்டு வேலைக்கு அனுப்புகிறது. இலங்கையிலும் இயங்குகிறது. அதன் திட்டங்களில் ஆங்கிலம் கற்பிப்பதும் உண்டு. ஆனால் கட்டணமும் விமானச் செலவும் போகிறவர் தலையில்.

ராத்தா மகள் கண்டெடுத்த ஒரு கம்பனி, சான்றிதழும் வேண்டாம் அனுபவமும் வேண்டாம், பணத்தைக் கட்டினால் போதும் என்றது. அது அனுப்பும் இடம் ஒரு அநாதை இல்லம். அதை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று உடனே எழுதினேன். பார்க்க ஆள் வருகிறது, பணமும் வருகிறது என்றால், தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைகளையும் இல்லத்தில் சேர்த்து எண்ணிக்கை காட்டுகிறவர்கள் உலகத்தில் உண்டு. 2018இல் அவுஸ்திரேலியா கொண்டுவந்த நவீன அடிமைத்தனச் சட்டத்தையொட்டி இந்த வியாபாரம் பெரிதாகப் பேசப்பட்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபையும் சிறுவர் உரிமைத் தீர்மானத்தில் இந்தத் தீங்கைக் குறிப்பிட்டது. மாதம் ஒரு புது அக்கா வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனால் பிள்ளையின் மனம் என்னாகும் என்பதை அறிய எனக்குத் தீர்மானம் தேவையில்லை. கூடாரத்தடியில் குந்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான்.

கடைசியில் இப்படி எழுதினேன்: "மகள், உம்மும்மாட வீட்டுக்கு வா. எனக்குப் பக்கத்தில நில்லு. ஆறு கிழமை."

தலையில் பேனா, கூரையில் பேனா?

ஜூலை கடைசியில் வந்து சேர்ந்தாள். ஆகஸ்ட் வழமையாக இங்கேயும் பாடசாலை விடுமுறை. இங்கிலாந்துக் கோடையை நம்பி வருகிற பலர் பூட்டிய கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்திலும் விடுமுறை. நாட்காட்டியைக் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது. நாங்கள் எங்கள் வீட்டு விறாந்தையிலேயே வகுப்பு வைத்தோம். தரம் 4 பிள்ளைகள் பதினான்கு பேர். பக்கத்து வீட்டில் கைத்தறி ஓடிக்கொண்டேயிருக்கும், அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் எடுக்க வேண்டும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருந்த அயல்வீட்டுப் பிள்ளை ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டேன்.

இலங்கையில் தரம் 1இலேயே வாய்மொழியாக ஆங்கிலம் தொடங்கிவிடும், தரம் 3இலிருந்து அது தனிப் பாடம். ஆகவே பிள்ளைகளுக்குச் சொற்கள் தெரியும். வாயில் வராது, அவ்வளவுதான்.

முதல் நாள் கூரையைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். பதினான்கு பேரும்: "பேன்!" அவள் உதட்டைக் காட்டி ஃபேன், ஃபேன் என்று பத்து முறை சொன்னாள். பத்து முறையும் பேன்தான் திரும்பி வந்தது. கடைசி வரிசைக் குறும்பன் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, "மிஸ், இந்தப் பேனா?" என்றான். அவளுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. தமிழ் தெரிந்ததால் சிரித்தாள். அந்த இடத்திலேயே பிள்ளைகள் அவளை ஏற்றுக்கொண்டார்கள்.

இரவு தேத்தண்ணி குடிக்கும்போது திடீரென்று கேட்டாள்: "சாச்சி, இதுகள் எல்லாம் ஓதப் போறதானே? ஃபாத்திஹா எப்படி ஓதுதுகள்?" எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வருடமாக இந்த ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குத் தோன்றவேயில்லை. மறுநாள் அவள், "மதரஸாவில ஃபா எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள். கீழ் உதட்டில் மேல் பல் பட, காற்று வெளியே வர, பதினான்கு வாயிலும் அப்பழுக்கில்லாத ஃபா. "இப்ப கூரையைப் பாருங்க." ஃபேன் சுழன்றது.

ஆங்கிலத்தில் தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழும் ஒலிகளில் பாதி அறபு ஓதுகிற பிள்ளையின் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஸகாத்தின் முதல் எழுத்துத்தான் ஸூ என்கிற மிருகக்காட்சிச்சாலைச் சொல்லின் முதல் ஒலி. நாக்கு நுனியை மேற்பல்லில் வைத்து ஓதும் 'ஸே'தான் திங்க் என்ற சொல்லின் தொடக்கம், அதே இடத்தில் நாக்கை வைத்து ஓதும் 'தால்'தான் திஸ் என்பதன் தொடக்கம். ஓதும்போது பிசகினால் மவ்லவி விடமாட்டார், ஆகவே ஒலி சுத்தம். ஆங்கிலம் படிக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை, அது வேறு கொப்பி என்று நினைத்துவிடுகிறார்கள்.

இலக்கணமும் அப்படித்தான். "ஹீ டீச்சர்" என்று ஒரு பிள்ளை எழுதினால் அது கவனமின்மை அல்ல. 'அவர் டீச்சர்' என்பது தமிழில் முழு வசனம், நடுவில் ஒன்றும் வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு மட்டும் இடையில் ஓர் 'இஸ்' வேண்டும். 'சந்தைக்கு' என்பதில் 'கு' வாலில் தொங்குகிறது, ஆங்கிலத்தில் அதுவே 'டு' ஆகி முன்னால் ஓடிவந்து நிற்கிறது. இதை இரண்டு மொழியும் தெரிந்தவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குப் பிழை தெரியும், பிழையின் காரணம் தெரியாது.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தால் மட்டுமே படிப்பிக்க வேண்டும், அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணம் 1961இல் உகண்டாவின் மக்கரேரேயில் நடந்த மாநாட்டோடு பரவி வேரூன்றியது. 1992இல் ரொபர்ட் பிலிப்சன் அதை ஒரு மயக்கம் என்றே எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, எங்கள் வகுப்பறைகளில் தமிழும் ஆங்கிலமும் எப்படிக் கலந்து வேலை செய்கின்றன என்பதை 1999இல் ஒரு முழு நூலாகவே கொண்டுவந்தார். பெரிய இடங்களில் நடந்த அந்த வாதத்தின் முடிவை என் விறாந்தையில் ஒரு ஃபேன் காட்டியது.

போகிற பிள்ளைக்குச் சில வார்த்தை

இப்படி ஒரு ஆசை உள்ள பிள்ளையோ பெற்றோரோ இதைப் படித்தால், நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். போகிற இடத்தில் ஒரு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இல்லையென்றால் அது வகுப்பு அல்ல, நீங்கள் போனதும் மூடும் கடை. இரண்டு கிழமைக்குப் போகாதீர்கள், பிள்ளைகளின் பெயர் பாடமாகவே ஒரு கிழமை போய்விடும். சுற்றுலா விசாவில் வகுப்பெடுக்கலாம் என்று யாராவது சொன்னால், சம்பளமில்லாவிட்டாலும் அது வேலைதானா என்பதை அந்த நாட்டின் குடிவரவுத் திணைக்களத்திடமே கேளுங்கள். ராத்தா மகளுக்குச் சின்ன வயதிலேயே இலங்கைக் குடியுரிமை பதிந்து வைத்திருந்ததால் எங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. பிரித்தானியாவிலிருந்து பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கென்று சர்வதேசச் சிறுவர் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அது ஒருவருடைய குற்றப் பின்னணியைப் பார்த்துக் கொடுப்பது. அதைக் கேட்காத நிறுவனம் உங்களை மட்டுமல்ல, வேறு எவரையும் கேட்காமல்தான் உள்ளே விடுகிறது. பிள்ளையோடு தனி அறையில் இருக்காதீர்கள், அவர்கள் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றை எனக்கே அவள்தான் காட்டித் தந்தாள். தமிழ் பேசுவாளே தவிர, ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. இரண்டாம் கிழமை பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வகுப்பின் கடைசிக் கால்மணி அவளுக்கு. ஒன்பது வயதுப் பிள்ளை சிவப்புப் பேனையோடு நிற்கும், இவள் நாற்கோட்டுக் கொப்பியில் 'ற' எழுதுவாள். வால் குறைந்தால் பிழை போட்டுத் திருப்பிக் கொடுக்கும். "இவ்வளவு கஷ்டமா சாச்சி?" என்றாள் ஒருநாள். அடுத்த நாள் வகுப்பில் அவளுடைய வேகம் பாதியாகக் குறைந்தது, பிள்ளைகளின் கைகள் இரண்டு மடங்காக உயர்ந்தன.

செப்டம்பரில் போகும்போது பல்கலைக்கழகத்தில் காட்ட ஒரு கடிதம் கேட்டாள். பெரிய சொற்களைப் போட எனக்கு மனம் வரவில்லை. இப்படி எழுதிக் கையெழுத்து வைத்தேன்: ஆறு கிழமை வந்தார். ஒருநாளும் பிந்தவில்லை. பதினான்கு பிள்ளைகளின் பெயரும் தெரியும். ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்றார். இவர் தொடங்கிய வகுப்பை இப்போது அயல்வீட்டுப் பிள்ளை நடத்துகிறார். தமிழில் 'ற' இன்னும் பழக வேண்டும்.