தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே!

ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த நாடு இது. தொட்டிலை ஆட்டுகிறவனைக் கண்டால் திண்ணையில் இருப்போர் சிரிப்பர். பால்புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுப்பவனைக் கண்டால், பெண்டாட்டிக்கு அடங்கியவன் என்று பட்டம் சூட்டுவர். சிரிக்கட்டும், சூட்டட்டும்! ஆனால் இந்தச் சிரிப்பெல்லாம் நின்றுபோகிற வீடும் ஒன்று உண்டு. குழந்தை தொட்டிலில், அதைப் பெற்றவள் புற்றுநோயோடு கட்டிலில், இரண்டுக்கும் நடுவே, ஆலையின் சங்கு ஊதுமுன் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறான் ஒருவன். அவனைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலை ஒன்றின் ஒப்பந்தத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்தின் எந்த ஆலை வாசலிலும் அவன் நிற்கக்கூடும். மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம். மார்பில் ஒரு கட்டி. "பால் கட்டிக்கொண்டது, ஒத்தடம் கொடு" என்கிறார்கள் பெரியவர்கள். பால் கட்டுவது உண்மைதான். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இரண்டு வாரமாகியும் கரையாத கட்டி என்றால், ஒத்தடம் போதாது, மருத்துவரிடம் போ என்கிறது மருத்துவம். பால் கொடுக்கும் காலத்தில் புற்று மறைந்து நிற்கிறது. பால்கட்டு என்ற பெயரில் மாதங்களைத் தின்றுவிடுகிறது. சோதனை முடிந்து நோயின் பெயர் சொல்லப்படும்போது, அவன் மடியில் பசித்து அழுகிறது குழந்தை.

அன்றுமுதல் அவன் கணக்கு என்ன? பல மருந்து முறைகளில் 3 வாரத்துக்கு ஒரு முறை ஊசி. கதிர்ச்சிகிச்சை என்றால் வாரத்தில் 5 நாள், பல வாரங்கள். கும்மிடிப்பூண்டியில் புறநகர் ரயிலேறி, கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் தாண்டிச் சென்ட்ரலில் இறங்கவேண்டும். ஏறத்தாழ 48 கிலோமீட்டர். எதிரே இருக்கிறது இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அடையாறு போகவேண்டுமானால், பூங்கா நிலையத்தில் மறுபடி ரயிலேறிக் கிண்டி, அங்கிருந்து பஸ். நோயாளியை ஒரு கையில் தாங்கி, பால்மாவுப் பையை மறு தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஏறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த 48 கிலோமீட்டரின் நீளம்.

"குழந்தையை மாமியார் வீட்டில் விட்டால் என்ன?" என்று கேட்பார் உண்டு. மாமியார் இருந்தால் விடலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்து, தகரக் கொட்டகையில் குடும்பம் நடத்துகிறவனுக்கு மாமியார் வீடு எத்தனை நாள் பயணம்? ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்து, அதே கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் தமிழனுக்கு எந்த ஊரில் மாமியார் வீடு? உறவு இருக்கிறது என்று எண்ணியே ஊர் நடக்கிறது. உறவு இல்லாதவன் வேலையை இழக்கிறான்.

இன்னொரு குரலும் எழுகிறது. "பிள்ளை பிறந்த வேளை சரியில்லை, பெற்றவளைக் காவு கேட்கிறது!" என்று ஜாதகத்தைப் புரட்டுகிறார்கள். இரண்டு மாதக் குழந்தை! இன்னும் தலை நிற்கவில்லை. அதன் தலையில் கொலைப்பழி! புற்று என்பது உயிரணுக்கள் கட்டு மீறிப் பெருகும் நோய். அது தொத்தாது, சாபத்தால் வராது, பிறந்த நட்சத்திரம் பார்த்தும் வராது. அறிஞர் அண்ணாவை 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நம்மிடமிருந்து பறித்ததும் இந்நோய்தான். எந்த நட்சத்திரத்தை நொந்துகொள்வது?

விதி என்று சொல்லி உட்கார்ந்துவிடாத ஒருவரைச் சொல்கிறோம். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவருடைய தங்கையைப் புற்றுநோய் 1923இல் கொண்டுபோயிற்று. கைதேர்ந்த மருத்துவர் வீட்டிலேயே, பக்கத்திலிருந்து பார்த்தும், காப்பாற்ற வழியில்லாத காலம் அது. அந்தத் துயரத்தை அம்மையார் நெஞ்சில் பூட்டிவைக்கவில்லை. புற்றுக்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று ஏறத்தாழ 30 ஆண்டு கேட்டார். "புற்று வந்தால் சாவுதானே, அதற்கு ஏன் மருத்துவமனை?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், 12 படுக்கை, 2 மருத்துவர், சில குடில்கள்; அவ்வளவோடு தொடங்கியது அடையாறு புற்றுநோய் நிலையம். அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அந்த வளாகத்தையே வீடாக்கிக்கொண்டார்.

பிள்ளைப்பேற்றோடு நேரே தொடர்புள்ள புற்றும் ஒன்று உண்டு. நஞ்சுக்கொடித் திசுவிலேயே முளைப்பது. ஒரு காலத்தில் தாய்க்கு மரண ஓலையாகவே இருந்தது. அதை மருந்தாலேயே விரட்டலாம் என்று 1956இல் அமெரிக்காவில் லீ, ஹெர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அது எந்த ஆய்வுக்கூடத்தின் வழியில் வந்தது? எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற அறிஞர் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்தின் வழியில்! அவர் படித்தது எங்கே? நம் தொழிலாளி சென்ட்ரலில் இறங்கியதும் எதிரே தெரிகிறதே, அந்தச் சென்னை மருத்துவக் கல்லூரியில்! இன்று அந்தப் புற்று கண்ட தாய்மாரில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பலர் மீண்டும் பிள்ளை பெறுகிறார்கள். அறிவு செய்த வேலை இது. பரிகாரம் செய்ததல்ல.

மருத்துவம் தன் வேலையைச் செய்தால், வீட்டில் ஒருவர் தம் வேலையைச் செய்யவேண்டும். அது என்ன வேலை தெரியுமா? மருந்து ஏறும் காலத்தில் தாய்ப்பால் கொடுக்கலாகாது. மருந்து பாலில் இறங்கும். தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே குறைமாதப் பிள்ளைக்கும் நோயுற்ற பிள்ளைக்குமே முதலிடம். ஆக, காய்ச்சிய நீரில், அளவு தவறாமல், ஒவ்வொரு வேளையும் புதிதாகப் பால்மாவு கரைக்கவேண்டும். கொதிக்க வைத்த பாலாடையிலோ கரண்டியிலோ புகட்டவேண்டும். இரவிலும் இரண்டு மூன்று மணிக்கொரு தரம்.

அதே இரவில், மனைவியின் உடம்பு சுடுகிறதா என்று பார்க்கவேண்டும். மருந்து, வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது; அந்த நேரமே மருத்துவமனை. மருந்தேறிய பின் 2 நாள் அவள் வாந்தியையும் கழிவையும் கையுறை போட்டே துடைக்கவேண்டும். சளியோடு வரும் உறவினரை, அவர் எவ்வளவு பெரியவரானாலும், வாசலிலேயே நிறுத்தவேண்டும்.

"கதிர் பட்டவள், குழந்தையைத் தொடாதே" என்று அவளை மூலையில் தள்ளுகிறார்களே, அந்தக் கொடுமையையும் அவன்தான் தடுக்கவேண்டும். வெளியிலிருந்து இயந்திரத்தால் பாய்ச்சும் கதிர் அவள் உடம்பில் தங்குவதில்லை. பிள்ளையை மடியில் கிடத்தலாம், முத்தமிடலாம். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர் போன்ற சிலர்தான், மருத்துவர் சொல்லும் நாள்வரை விலகியிருக்கவேண்டும். பால் கொடுக்க முடியாத தாய்க்கு, பிள்ளையைத் தூக்கவும் கூடாது என்று சொன்னால், அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

தோழர்களே, இத்தனையும் செய்யவேண்டியவனுக்குச் சட்டம் என்ன தருகிறது?

அவனுக்கே புற்று வந்திருந்தால் வழி உண்டு. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் 34 நெடுநாள் நோய்களுக்கு நீட்டித்த நோய்க்கால உதவி இருக்கிறது. கூலியில் 80 விழுக்காடு, 2 ஆண்டுவரை. அதற்கும் 2 ஆண்டு தொடர்ந்த வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஆண்டுக்கொரு ஒப்பந்தக்காரர் மாறும் இடத்தில் அந்தத் தொடர்ச்சியே அறுந்துபோகக்கூடும் என்பது வேறு கதை. மனைவி வேலைக்குப் போகிறவளானால் 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. 1961இல் வந்த சட்டம் 2017இல் திருத்தப்பட்டு 12 வாரம் 26 ஆயிற்று. மனைவிக்கு மருத்துவமும் ஈ.எஸ்.ஐ. தரும். ஆனால் அவளைத் தூக்கி உட்காரவைக்கும் கணவனுக்கு? அந்தப் பிள்ளைக்குப் பாலூட்டும் தகப்பனுக்கு? ஒரு நாள் கூலியும் கிடையாது! மத்திய அரசு ஊழியருக்குத் தந்தை விடுப்பு 15 நாள். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் தந்தது பூச்சியம். 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தந்தை என்ற சொல்லுக்கு விடுப்பு ஏட்டில் இடமில்லை.

மருத்துவச் செலவுக்கும் ஓர் இடுக்கு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீடு, ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட வருமானக் குடும்பத்துக்கு. அதாவது மாதம் 10,000. ஈ.எஸ்.ஐ.க்கு மாதக் கூலி 21,000 என்று 2017இல் எல்லை வகுத்தார்கள். எல்லைக்கு நூறு ரூபாய் மேலே வாங்கும் தொழிலாளி, அதற்கும் இல்லை, இதற்கும் இல்லை! அரசு மருத்துவமனையின் இலவச மருத்துவம்தான் அவனுக்குத் துணை. அதுவும் இல்லாதிருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

நீதிமன்றம் இதைக் கண்டுகொண்டது. தென் மாவட்டத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர், மனைவியின் சிக்கலான பேறுகாலத்துக்காக 90 நாள் விடுப்பு வேண்டினார். கொடுத்தார்கள், பிறகு பறித்தார்கள், வேலைக்குத் திரும்பாததால், பணியை விட்டு ஓடியவர் என்று ஆணையும் போட்டார்கள். மனைவி பக்கத்தில் நின்றவன் ஓடிப்போனவனாம்! 2023 ஆகஸ்டில் மதுரைக் கிளையின் நீதிபதி எல். விக்டோரியா கௌரி அந்த ஆணையை ரத்துச் செய்து, தந்தைக்கு விடுப்பளிக்கும் சட்டம் இந்நாட்டுக்குத் தேவை என்று எடுத்துரைத்தார். 2017இல் நாடாளுமன்றத்தில் இதற்கென ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை.

உலகம் எங்கே நிற்கிறது? சுவீடனில் 1974 முதலே பெற்றோர் விடுப்பைத் தந்தையும் எடுக்கலாம். உயிருக்கு ஆபத்தான நோயில் கிடக்கும் நெருங்கியவரைப் பேண, அங்கே 100 நாள்வரை உதவித்தொகை. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர், ஆணானாலும் பெண்ணானாலும், அந்தப் பொறுப்பின் பேரில் வேலையில் தள்ளிவைக்கப்படக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 1981இல் 156ஆம் உடன்படிக்கை வகுத்தது. அதில் இந்தியா கையொப்பமிட்டு ஏற்கவில்லை.

"ஆண்களுக்கு விடுப்புக் கொடுத்தால் சீட்டாடுவார்கள்" என்பார் உண்டு. சீட்டாடுகிறவன் விடுப்புக் கேட்டா ஆடுகிறான்? மருத்துவமனைச் சீட்டைக் காட்டி எடுக்கும் விடுப்பில் ஏமாற்று எங்கே நுழையும்? "ஆலை நட்டமாகும்" என்பார் முதலாளி. உங்கள் கைக்காசைக் கேட்கவில்லை, ஐயா! ஈ.எஸ்.ஐ.க்கு முதலாளி 3.25 விழுக்காடு, தொழிலாளி 0.75 விழுக்காடு என்று 2019இல் வகுத்த நிதி இருக்கிறது. நோயுற்றவனுக்குக் கூலி தரும் அந்த நிதி, நோயுற்றவளைப் பேணுகிறவனுக்கும் தரட்டும் என்கிறோம். தேர்ந்த தொழிலாளியைத் துரத்திவிட்டுப் புதியவனைப் பழக்குவதைவிட, சில வாரம் பொறுப்பது ஆலைக்கும் இலாபமே.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், தொழிற்சங்கங்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. ஊசி போடும் நாளில் ஷிப்ட் மாற்றிக் கொடுக்கலாம். இரவு வேலையிலிருந்து சில மாதம் விலக்குக் கேட்டு வாங்கலாம். ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் தகப்பன் கொண்டுவரும் பிள்ளைக்கும் இடம் கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல், அவன் மனைவி குணமாகும்வரை காவல் நிற்கலாம்.

பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டோம், படிப்புக் கேட்டோம், பதவி கேட்டோம். அவள் நோயில் விழுந்தால் பக்கத்தில் உட்காரக் கணவனுக்கு நேரம் கேட்பதும் அந்தக் கேள்வியின் தொடர்ச்சியே. பெண்ணின் வேலை என்று ஒதுக்கிய வேலையை ஆண் எடுத்துச் செய்கிற வீட்டில்தான் சமத்துவம் மேடையை விட்டு இறங்கி வாழ்க்கைக்கு வருகிறது.

அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுத உட்காரும்போது, கூலி உயர்வுக்கும் போனசுக்கும் கீழே, "நோயுற்ற துணைவரைப் பேணக் கூலியுடன் விடுப்பு" என்று ஒரு வரி எழுதுங்கள். பேச்சுவார்த்தை இழுபடும்போது முதலில் விட்டுக்கொடுக்கும் வரியாக மட்டும் அதை ஆக்கிவிடாதீர்கள்.