மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-போட்டி! காபரேற்றர் காட்டிய வித்தைகள் தெரியுமா?

கோப்பாய்ச் சந்தியைத் தாண்டிப் பருத்தித்துறைப் பக்கம் போகும் றோட்டில், தாங்கிக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலும் இல்லாமல் கார்கள் ஓடித் திரிந்தன, தெரியுமா? ஆட்களை நெருக்கி ஏற்றி, ஹோர்ன் அடித்து, புகை கக்கிக்கொண்டு ஓடின! குப்பி விளக்குக்கு ஊற்றுகிற அதே மண்ணெண்ணெய்தான் அவற்றுக்கும்!

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி என்று தடைப் பட்டியல் நீண்டது. மின்சாரமும் போயிற்று. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு வந்த யப்பான் கார்கள் கொட்டிலுக்குள் முடங்கின. அவற்றுக்கு முந்திய தலைமுறை, இரும்புக்கு விற்கலாம் என்று பலர் நினைத்திருந்த ஒஸ்ரின் ஏ-40 என்கிற ஏ-போட்டி, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் எல்லாம் எழும்பி றோட்டுக்கு வந்தன! வாடகைக்கு ஓடின, நோயாளியை ஏற்றின, கலியாண மாப்பிள்ளையையும் ஏற்றின.

எப்படி ஸ்ராட் பண்ணினார்கள் தெரியுமா? பொனற்றைத் திறப்பார்கள். காபரேற்றரின் வாய்க்குள் சின்னப் போத்தலால் நாலைந்து சொட்டுப் பெற்றோல். பின்னால் நிற்பவர்கள் தள்ள, எஞ்சின் இருமி, குலுங்கி, பிடிக்கும். அந்தச் சொட்டுகள் எரிந்து முடியுமுன் மண்ணெண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். பற்றினால் பயணம். இல்லையென்றால் மறுபடி போத்தல்! கையில் இருக்கிற அரைப் போத்தல் பெற்றோலைப் பொன்போலக் காத்தார்கள் அந்தச் சாரதிகள்.

இதற்குப் பின்னால் இருக்கிற விஞ்ஞானம் இன்னும் வியப்பு. பெற்றோல் மறை 40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு ஏறத்தாழ 38 பாகையாவது வேண்டும்! குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, சொட்டுச் சொட்டாக வழியும். எஞ்சின் சூடேறிய பிறகு அதே மண்ணெண்ணெய் மனிபோல்ட்டின் வெப்பத்தில் ஆவியாகி மணியாக எரியும். ஆக, அந்த நாலு சொட்டுப் பெற்றோல் செய்தது முதல் சூட்டைக் கொடுக்கும் வேலை.

சரி, கோப்பாய்க்காரருக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? பள்ளிக்கூடம் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்தது! வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளையும் செம்மண் பூமி. அங்கே ஆறு கிடையாது, எல்லாம் கிணற்று இறைப்பு. மண்ணெண்ணெய் இறைப்பு மிசினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெற்றோலுக்கு ஒரு சின்ன அறை, மண்ணெண்ணெய்க்குப் பெரிய அறை. பெற்றோலில் இழுத்து ஸ்ராட் பண்ணி, சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. விடியற்காலையில் தகப்பனோடு தோட்டத்துக்குப் போன பொடியனுக்கே அந்த வித்தை கைவந்திருந்தது. அதைத்தான் ஏ-40இன் பொனற்றுக்குள் கொண்டுபோனார்கள். இதே முறையை நம்பி இங்கிலாந்தில் ஓர் உழவு இயந்திரப் படையே இருந்தது, தெரியுமா? பெர்குசன் ரீ.ஈ.-20 வரிசையில் 1949இல் வந்த ஒரு மாதிரி, மண்ணெண்ணெய்க்கு அண்மையான 'உழவு இயந்திர ஆவி எண்ணெயில்' ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கும் பெற்றோலில்தான் ஸ்ராட்! அந்த எண்ணெய் பிரித்தானியச் சந்தையிலிருந்து 1974இல் எடுக்கப்பட்டது. அங்கே கைவிட்ட முறை இங்கே பதினாறு வருடம் கழித்து ஒரு சமூகத்தைத் தாங்கிற்று.

யப்பான் கார் ஏன் முடங்கியது, ஏ-போட்டி ஏன் ஓடியது? நெருக்க விகிதம்! ஏ-40 சோமசெற்றின் 1200 சீசீ எஞ்சின் தான் உறிஞ்சியதை ஏறத்தாழ 7 மடங்குதான் அமுக்கும். பின்னால் வந்த எஞ்சின்கள் எட்டரை, ஒன்பது மடங்கு அமுக்குவன. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. அதிகம் அமுக்கினால் பிளக் பொறி விடுமுன்பே தானாக வெடித்துப் பிஸ்ரனை அடித்து நொறுக்கும். பழைய எஞ்சினின் பலவீனம் என்று சொல்லப்பட்டதே அதற்கு உயிர்வரம் ஆயிற்று! போதாததற்கு டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பொறியைப் பிந்தவைத்தார்கள். மலை என்று ஒன்று இல்லாத குடாநாடு வேறு; இழுவை குறைந்தாலும் சமாளிக்கலாம்.

இன்னொரு அதிசயம்: ஓட ஓட ஒயில் கூடுகிற கார்! எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். ஆனந்தப்பட வேண்டிய ஏற்றமில்லை அது; தண்ணீராய் இளகிய ஒயில் பெயறிங்கைத் தின்றுவிடும். அடிக்கடி ஒயில் மாற்றியவர்களின் எஞ்சின்தான் தப்பியது. காபரேற்றரின் மிதவைகூட வேறு மாதிரி நடந்துகொள்ளும், தெரியுமா? மண்ணெண்ணெய் பெற்றோலைவிடப் பாரமானது. மிதவை அதில் அதிகமாக மிதக்கும், ஊசி முந்தியே அடைபடும், கிண்ணத்தின் மட்டம் ஒரு நூல் இறங்கும். அந்த ஒரு நூலுக்காக மிதவையின் நாக்கை வளைத்துச் சரிசெய்தவன்தான் நல்ல மெக்கானிக்!

இனி அப்படி ஓட்டுவார்களா? 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறிற்று. அப்போது மலிவு என்ற பேச்சே போயிற்று. அந்தக் கார்கள் பெற்றோலுக்குத் திரும்பி வெகுகாலம். ஆனால் எழுபது வருடம் உழைத்த காபரேற்றரில், காற்று வாசலைத் திறந்து மூடும் திறொட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடும். தேய்ந்த துவாரத்தால் கள்ளக் காற்று புகுந்து, எஞ்சின் ஐடிலில் ஏறி இறங்கி அலைபாயும். அப்போதுதான் கராச்சில் அந்த முடிவு எடுக்கப்படுகிறது: வேறு காபரேற்றர் போடுவோம்.

அதற்குமுன் பழையதற்கு ஒரு வணக்கம். மொறிஸ் மைனரில் இருக்கும் எஸ்.யு. காபரேற்றரைக் கண்டுபிடித்தது ஒரு சப்பாத்துக் கம்பனிக் குடும்பத்துப் பிள்ளை, தெரியுமா? ஜோர்ஜ் ஸ்கின்னர். லண்டனில் லில்லி அண்ட் ஸ்கின்னர் என்ற சப்பாத்துக் கடைகள் அவர்கள் குடும்பத்தினுடையவை. 1900களின் தொடக்கத்தில் அவர் செய்த முதல் காபரேற்றருக்குள் மேலும் கீழும் அசைந்தது தோலால் தைத்த துருத்தி! பிறகுதான் உலோகப் பிஸ்ரன் வந்தது. அதே எஸ்.யு. ஸ்பிற்பயர் போர்விமானத்தின் மேர்லின் எஞ்சினிலும் இருந்தது. 1940இல் ஒரு சிக்கல்: விமானி மூக்கைத் திடீரென்று கீழே சரித்தால் மிதவைக் கிண்ணத்து எரிபொருள் மேலே எழும்பி எஞ்சின் திணறும். நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் ஜேர்மன் எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. தீர்த்துவைத்தவர் பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர். துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டு, அவ்வளவுதான்! 1941இல் விமானத்தளம் தளமாகப் போய்ப் பொருத்தினார்கள்.

இப்போது புதுக் காபரேற்றரின் அளவுக் கணக்குக்கு வருவோம். மூச்சு முட்டும்! 1200 சீசீ எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றினால் உறிஞ்சும் காற்று ஏறத்தாழ 2000 லீற்றர். வீட்டுக் கூரையில் வைக்கிற ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி இரண்டு, ஒரு நிமிடத்தில்! அவ்வளவும் போகவேண்டிய காபரேற்றர்க் கழுத்து 24 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துப் பாருங்கள்: அங்கே காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 265 கிலோமீற்றர்! கார் அறுபதில் போகிறது, அதன் தொண்டைக்குள் புயல் அடிக்கிறது. காற்று வேகமெடுத்தால் அழுத்தம் இறங்கும் என்பதை இத்தாலியரான வெஞ்சூரி எழுதியது 1797இல், கார் என்ற ஒன்று உலகத்தில் இல்லாத காலத்தில். இறங்கிய அழுத்தம்தான் ஜெற் என்ற நுண்துளையிலிருந்து பெற்றோலை இழுத்தெடுக்கிறது.

இதை விளங்கினால் பெரிய காபரேற்றர் போட்டால் பெரிய இழுவை என்ற ஆசை தானாக அடங்கும். கழுத்து அகன்றால் காற்று மந்தமாகும், ஜெற்றில் உறிஞ்சல் குறையும், ஐடிலுக்கு மேலே காலை வைத்ததும் கார் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். 1200, 1300 சீசீ எஞ்சினிலிருந்து கழற்றிய காபரேற்றர்தான் ஏ-போட்டிக்குப் பொருத்தம்.

நாலு போல்ற்றுக் காபரேற்றரை இரண்டு போல்ற்று மனிபோல்ட்டில் இருத்த இடையில் ஓர் அலுமினியத் தட்டுக் கடைந்து போடுவார்கள். மேற்துளைக்கும் கீழ்த்துளைக்கும் நடுவில் படி நிற்கக்கூடாது. நின்றால் பெற்றோல் அதில் தேங்கிச் சொட்டும். தட்டின் முகத்தைக் கண்ணாடிமேல் மணல் தாள் விரித்து வைத்துத் தேய்த்தால், நேரில்லாத இடம் மினுங்காமல் தன்னைக் காட்டிக்கொடுக்கும்! இங்கே ஒரு தலைகீழ் விநோதம். மண்ணெண்ணெய்க் காலத்தில் எஞ்சின் சூடு காபரேற்றருக்கு ஏறுவது வரம். பெற்றோலுக்கு அதே சூடு சாபம். சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் கிண்ணத்துக்குள்ளேயே கொதித்து, ஸ்ராட் எடுக்காது. அதனால் தட்டின்மேல் ஒரு பேக்லைற் தகடும் வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய வியப்பு அக்சிலேற்றர் இணைப்பில்தான். பலர் காபரேற்றருக்குக் காசைக் கொட்டிவிட்டு இதைக் கம்பியால் கட்டி முடிக்கிறார்கள், மனம் பதறுகிறது! பாதத்துக்கும் திறொட்டில் தகட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தகடு மூடிய நிலையிலிருந்து 30 பாகை திரும்பினால் திறக்கும் பரப்பு ஏழில் ஒரு பங்குதான். 60 பாகையில் பாதி. முழுக்கத் திறக்க 80 பாகைக்கு மேல் வேண்டும். பெடலை அடிவரை மிதிக்கும்போது கேபிள் 30 மில்லிமீற்றர் இழுபடுகிறது என்று வைப்போம். காபரேற்றரில் உள்ள லீவரின் நீளம் 21 மில்லிமீற்றர் என்றால் தகடு ஏறத்தாழ 82 பாகை சுழலும், கச்சிதம். கைக்குக் கிடைத்த 30 மில்லிமீற்றர் லீவரைப் போட்டால்? 57 பாகைதான்! எஞ்சினுக்குப் பாதிக்கும் குறைவான வாசல். கார் இழுக்கவில்லை என்று புதுக் காபரேற்றரைத் திட்டுவார்கள். லீவரை 15 மில்லிமீற்றராகக் குறைத்தால் மறுபக்கத் தொல்லை: கால் வைத்ததும் பாயும், பெடல் முக்கால் தூரம் போகுமுன் தகடு முட்டிவிடும், மீதி மிதியெல்லாம் கேபிளைப் பிய்க்கும். ஓர் அடிமட்டத்தால் அளந்து பார்க்கிற ஐந்து நிமிட வேலை இது!

பழைய ஏ-40க்குக் கம்பித் தண்டு இணைப்பு. எஞ்சினோ றப்பர் மவுண்டிங்கில் ஆடுவது. மவுண்டிங் இளகினால், கிளச்சை விட்டதும் எஞ்சின் சாயும், சாய்ந்த எஞ்சின் தண்டை இழுக்கும், தண்டு திறொட்டிலைத் திறக்கும், இன்னும் சாயும். காலை அசைக்காமலே கார் துள்ளித் துள்ளிப் போகும்! புதுக் காபரேற்றரோடு கேபிளுக்கு மாறினால் இந்தத் துள்ளல் ஒழியும். ஆனால் கேபிளின் வெளிக்குழாய் இரண்டு முனையிலும் அசையாமல் பூட்டப்பட வேண்டும். உள்வயரின் குமிழை ஈயம் ஊற்றி ஒட்டுங்கள். திருகாணியால் இறுக்கிய வயரில் ஒவ்வோர் இழையாக அறுந்து, அறுந்த இழை குழாய்க்குள் குத்தி, திறந்த திறொட்டில் திறந்தபடியே நிற்கும். எதிரே கைதடிப் பாலம் வரும்போது அது நடந்தால் என்ன கதி? அதற்காகத்தான் இரண்டு ஸ்பிறிங்: திறொட்டில் லீவரில் ஒன்று, பெடலில் இன்னொன்று. ஒன்று அறுந்தாலும் மற்றது தகட்டை மூடிவிடும்.

எஞ்சினை நிறுத்திவைத்து, ஒருவர் பொனற்றுக்குள் குனிந்து தகட்டைப் பார்க்க, மற்றவர் சீற்றில் இருந்து மிதிக்கவேண்டும்.

"மிதி தம்பி, முழுக்க மிதி."

"அடிவரைக்கும் மிதிச்சிட்டன் அண்ணை."

"இன்னும் ஒரு விரல்கடை கிடக்கு. விடு... திரும்ப மிதி. இப்ப சரி. டக்கெண்டு காலை எடு பாப்பம்."

காலை எடுத்ததும் 'டிக்' என்று தகடு மூடுகிற சத்தம் கேட்கவேண்டும். ஸ்ரியறிங்கை இரு பக்கமும் ஒடித்து, கிளச்சையும் மிதித்துப் பார்த்து, அப்போதும் அந்த 'டிக்' கேட்டால்தான் இணைப்பு சரி.

பிறகு எஞ்சினைப் போட்டுச் சூடேற விடுங்கள். மாரிகாலத்து ஈரக்காற்றில் காபரேற்றரின் அடிப்பக்கம் குப்பென்று வியர்க்கும். தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும்! கொதிக்கிற எஞ்சினுக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? ஆவியாகிற பெற்றோல் வெப்பத்தை உறிஞ்சுவதால். சிறிய விமானங்களில் இந்தக் குளிர் வெயில் நாளிலும் தொண்டைக்குள் பனிக்கட்டி கட்டிவிடும், அதனால் அவற்றின் காபரேற்றருக்குத் தனிச் சூட்டுக் குழாயே உண்டு. காபரேற்றர் காலாவதியான சாமான் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று: அமெரிக்காவின் நாஸ்கார் முதன்மைத் தொடர்ப் பந்தயக் கார்கள் 2011 வரை காபரேற்றரில்தான் ஓடின!

கடைசிச் சோதனைக்கு மீற்றர் வேண்டாம், கருவி வேண்டாம். பருத்தித்துறை வரை ஒரு சீரான வேகத்தில் ஓடிவிட்டு, ஓரமாக நிறுத்தி, சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுப்பாயிருந்தால் பெற்றோல் கூட, ஜெற்றைக் குறையுங்கள். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் காற்றுக் கூட. முதலில் அந்த அலுமினியத் தட்டின் காஸ்கெற்றில் கள்ளக் காற்றுப் போகிறதா என்று பாருங்கள், ஜெற்றில் கை வைப்பது அதற்குப் பிறகு. நாலு பிளக்கும் ஒரேமாதிரி மெல்லிய மண்ணிறமாயிருந்தால், பொனற்றைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரலாம்.