மேச்சேரி வட்டாரத்தில் நீர்வளமும் உணவூட்டமும்

மேச்சேரி, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அருகே அமைந்துள்ள ஒரு பேரூராட்சி ஆகும். 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை அண்மையில் இருந்தும், இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலமே. அணைநீர் தாழ்நிலம் நோக்கிப் பாய்கிறது. மேச்சேரிப் பக்கம் மேட்டு நிலமாகும். எதைப் பயிரிடலாம் என்பதை மட்டுமன்றி, உண்ட உணவு உடலில் சேர்வதையும் நீர் தீர்மானிக்கிறது.

பயிரும் உணவும்

மழையை நம்பிய புன்செய்களில் கேழ்வரகு, கம்பு, சோளம், நிலக்கடலை ஆகியன விளைந்தன. வறண்ட மேய்ச்சல் நிலம் மேச்சேரி ஆட்டினத்தை வளர்த்தது. (இவ்வினத்திற்கான ஆராய்ச்சி நிலையம் பொட்டனேரியில் உள்ளது.) நீர் குறைவாக இருந்தமையால் உணவும் சத்துக் குறைந்ததாக இருந்தது எனக் கருதுவது தவறு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. கிணற்றுப் பாசனம் பெருகிய சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளி, கரும்பு போன்ற பணப்பயிர்கள் பரவின. மரவள்ளியின் பெரும்பகுதி சவ்வரிசி ஆலைகளுக்கே செல்கிறது. களியும் கூழும் இருந்த இடத்தை அரிசிச்சோறு பிடித்தது. அண்டை மாவட்டமான தருமபுரியில், நியாயவிலைக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டம் 2023 இல் தொடங்கப்பட்டது.

நிலத்தடி நீரும் புளூரைடும்

இப்பகுதி கடும்பாறை நிலமாதலால், நீர் பாறை வெடிப்புகளிலேயே தேங்குகிறது. பாறையோடு நெடுங்காலம் தங்கும் நீரில் புளூரைடு கரைகிறது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல இடங்களில் இச்சிக்கல் உண்டு. உலக சுகாதார அமைப்பு வகுத்த வரம்பு, ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். மிகுந்தால் குழந்தைகளின் பற்களில் கறை படியும். நீண்டகாலம் பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். சுண்ணாம்புச்சத்து குறைந்த உணவு உண்போரைப் பாதிப்பு கடுமையாகத் தாக்கும். ஆகவே, கிணறு ஆழமாகும் காலத்திலேயே கேழ்வரகு தட்டிலிருந்து மறைவது இரட்டை இழப்பாகும். கொதிக்க வைப்பதால் புளூரைடு நீங்காது. நீர் வற்றும்போது அதன் செறிவு கூடவே செய்யும். சமைக்கும் நீர் வழியாகவும் அது உடலில் சேர்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இக்காரணத்தால் செயல்படுத்தப்பட்டதாகும்.

நோய்த்தொற்று

மாசடைந்த நீரால் அடிக்கடி வயிற்றுப்போக்கு காணும் குழந்தைக்கு, உண்ட சத்து குடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. ஊட்டக்குறைவில் ஏறத்தாழ பாதி, பாதுகாப்பற்ற நீரும் சுகாதாரக் குறைவும் விளைவிக்கும் வயிற்றுப்போக்கு, குடற்புழு ஆகியவற்றோடு தொடர்புடையது என உலக சுகாதார அமைப்பு 2008 இல் மதிப்பிட்டது.

ஏரி நிரப்பும் திட்டம்

மேட்டூர் அணையின் உபரிநீரை மின்னேற்றிகளால் உயர்த்தி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் சரபங்கா நீரேற்றுத் திட்டத்தின் முதற்கட்டம் 2021 இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஏரி நிரம்பினால் சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டம் உயரும். புதுநீர் கலப்பதால் புளூரைடின் செறிவும் குறையக்கூடும். எனினும் இது உபரிநீரை மட்டுமே சார்ந்தது. அணை நிரம்பாத ஆண்டுகளில், அதாவது விளைச்சலும் குடிநீரும் ஒருங்கே குன்றும் ஆண்டுகளில், இவ்வேரிகளுக்கு நீர் கிடைக்காது.