மின்கம்பம் ஏறுபவர்கள் கேட்ட கார்

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் வடபகுதிக்குத் தோஹோகு என்று பெயர். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, இங்குள்ள மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டிவிடும். அந்த மலைகளில் மின்கம்பி அறுந்தால் யாராவது போய்ச் சரிசெய்துதானே ஆக வேண்டும்? 1970 வாக்கில் தோஹோகு மின் நிறுவனத்தின் ஊழியர்கள் அதற்கு ஜீப்பில்தான் போனார்கள். ஜீப் எங்கேயும் ஏறும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் குளிரும் குலுக்கலும் மிச்சம். ஜீப்பைப் போல ஏறவும், காரைப் போல நிம்மதியாக உட்காரவும் ஒரு வண்டி கிடைக்குமா என்று அவர்கள் உள்ளூர் சுபாரு விற்பனையகத்திடம் கேட்டார்கள்.

விற்பனையகத்தின் மெக்கானிக்குகள் செய்தது ரசிக்கத்தக்க வேலை. முன்சக்கரத்தால் ஓடும் சுபாரு எஃப்எஃப்-1 வேன் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் நிஸான் புளூபேர்டு காரின் ஆக்சிலைப் பொருத்தினார்கள். போட்டிக் கம்பெனியின் உதிரிபாகம்! அந்த ஒட்டு வண்டி பனியில் ஏறியது. தகவல் தலைமையகத்துக்குப் போனது. 1971 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் மாதிரி வண்டி நின்றது. 1972 செப்டம்பரில் லியோனே எஸ்டேட் வேன் விற்பனைக்கு வந்தது. நான்கு சக்கரங்களாலும் இயங்கும் கார் அதற்கு முன்பும் இருந்தது. இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப் 1966-லேயே வந்துவிட்டது. ஆனால் மொத்தம் 320 கார்கள்தான் தயாராயின, அதுவும் பணக்காரர்களுக்கு. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய வண்டியாக முதலில் பெருமளவில் தயாரானது லியோனேதான்.

புளூபேர்டின் ஆக்சில் அவ்வளவு சுலபமாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களில் எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கும். கியர்பாக்ஸ் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோக வேண்டுமானால் அதைத் தொண்ணூறு டிகிரி திருப்ப வேண்டும். சுபாருவின் எஞ்சின் நெடுக்குவாட்டில் இருக்கும். சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்காமல் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் போய்வரும். எஞ்சினுக்குப் பின்னால் நேர்கோட்டில் கியர்பாக்ஸ். அதன் பின்முனையில் ஒரு துளை போட்டு ஷாஃப்டை நீட்டினால் பின்சக்கரம் வரை நேராகப் போய்விடலாம். எஞ்சின் தாழ்வாகக் கிடப்பதால் வண்டியின் எடை மையமும் தாழ்வாக இருக்கும். உயரமான குடும்பக் கார் ஒன்று வளைவில் அலையாமல் இருக்க இது பெரிய உதவி.

ஷாஃப்டை நீட்டியதோடு வேலை முடியவில்லை. உண்மையான சிக்கல் வளைவில்தான் இருக்கிறது. சுபாருவின் ஃபாரஸ்டரை எடுத்துக்கொள்வோம். 1997-ல் வந்த, நான்கு சக்கர இயக்கமும் டர்போ பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்து கிடைத்த குடும்பக் கார். (சுபாருவின் தாய்க் கம்பெனியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்த காலத்தில், 2003 வாக்கில், அது செவ்ரோலே முத்திரை குத்திக்கொண்டு இந்தியாவுக்கும் வந்தது. நம்மவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.) அதன் நான்காம் தலைமுறைக் காரின் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி ஒரு வட்டம் அடித்தால், வெளிப்பக்க முன்சக்கரம் ஏறக்குறைய 33 மீட்டர் உருளும். உள்பக்கப் பின்சக்கரம் உருள்வதோ 19 மீட்டர். இடம் வலம் வித்தியாசத்தை ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் சமாளித்துவிடும். அது எல்லாக் கார்களிலும் இருப்பதுதான். ஆனால் முன் ஆக்சிலின் சராசரி 29 மீட்டர், பின் ஆக்சிலின் சராசரி 24 மீட்டர். இரண்டையும் ஒரே ஷாஃப்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த 5 மீட்டர் எங்கே போகும்? எங்கேயும் போகாது. டயர்கள் தரையில் தேய்ந்து அதை ஈடுகட்ட வேண்டும். பனியில் டயர் தானே வழுக்கிக்கொள்ளும், பிரச்சினையில்லை. காய்ந்த தார்ச்சாலையில் யாரோ பிரேக்கைப் பிடித்ததுபோல வண்டி திணறும்.

ஆகவே லியோனேயில் ஒரு லிவர் இருந்தது. பனி வந்தால் போட வேண்டும், போனால் எடுக்க வேண்டும். மின் ஊழியருக்கு அது போதும். பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும்போது நிழல் விழுந்த இடத்தில் பனி, வெயில் பட்ட இடத்தில் வெறும் சாலை என்று மாறிமாறி வந்தால் எத்தனை முறை லிவரைத் தொடுவது? இன்று அந்த வேலையைப் பல தட்டுக் கிளட்ச் ஒன்று செய்கிறது. ஃபாரஸ்டரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் பின்முனையில், எண்ணெயில் மூழ்கிய உலோகத் தட்டுகளின் அடுக்கு இருக்கும். ஆயில் அழுத்தம் அந்த அடுக்கை நெருக்கினால் பின்சக்கரங்களுக்குச் சக்தி போகும், தளர்த்தினால் குறையும். வழக்கமான ஓட்டத்தில் முன்னுக்கு 60, பின்னுக்கு 40 என்ற பங்கு. சக்கரங்களின் வேகத்தையும் ஆக்சிலரேட்டரையும் கவனித்தபடியே கம்ப்யூட்டர் அதை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருக்கும். நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது அடுக்கு தளரும். அந்த 5 மீட்டர் தட்டுகளுக்கு இடையே வழுக்கிக் கரைந்துபோகும்.

இனி டர்போ. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை அது. எஞ்சின் எரித்துத் துப்பும் புகையில் இன்னும் வெப்பமும் அழுத்தமும் மிச்சம் இருக்கின்றன. அதை ஒரு சிறு சக்கரத்தின் மேல் அடித்துச் சுழல விட்டால், அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். விமானக்காரர்களுக்குத்தான் இது முதலில் பிடித்தது. உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் சோர்ந்துவிடுமே. 1918-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சான்ஃபோர்டு மாஸ், கொலராடோவில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு ஒரு விமான எஞ்சினையே ஏற்றிக்கொண்டு போய்ச் சோதித்தார்.

பெட்ரோல் காருக்கு டர்போ வர 1962 ஆனது. வந்ததும் சறுக்கியது. அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரின் கதையைத் தெரிந்துகொண்டால், இன்றைய எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பது விளங்கிவிடும். காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் அது நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போய் மறுபடி அமுக்கப்படும்போது, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் தொடங்கிய தீ வந்து சேர்வதற்குள் மிச்சக் கலவை தானே வெடிக்கும். அதுதான் நாக்கிங், தொடர்ந்தால் பிஸ்டனைத் தின்றுவிடும். ஜெட்ஃபயரின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் அளவு, 10.25-க்கு 1; டர்போவுக்கு அது மிக அதிகம். எனவே தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியில் வைத்து, காற்றோடு சேர்த்துத் தெளித்தார்கள். திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அறிவியல் சரி, மனித சுபாவத்தைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. பெட்ரோல் போடுவதற்கு மேல் இன்னொரு தொட்டியையும் நிரப்ப வேண்டும் என்றால் யார் நினைவு வைத்துக்கொள்வார்? தொட்டி காலியானால் டர்போ அடக்கப்பட்டுவிடும், கார் சோம்பிப்போகும். அடுத்த ஆண்டோடு ஜெட்ஃபயர் நின்றுபோனது.

2012 இறுதியில் ஜப்பானில் வெளிவந்த நான்காம் தலைமுறை ஃபாரஸ்டரின் 2 லிட்டர் டர்போ எஞ்சினில் அமுக்க விகிதம் 10.6-க்கு 1. ஜெட்ஃபயரை விட அதிகம். ஆனால் தனித் தொட்டி கிடையாது. அந்தத் திரவம் செய்த வேலையைப் பெட்ரோலே செய்கிறது. இதில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது. அங்கேயே ஆவியாகி, அங்கேயே குளிர்விக்கிறது. அதற்கு முன்பே, எஞ்சின் மேல் படுத்திருக்கும் இன்டர்கூலர் காற்றின் சூட்டில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும். பழைய டர்போ ஃபாரஸ்டர்களின் பானெட்டில், இந்த இன்டர்கூலருக்குக் காற்று பிடிக்க ஒரு பெரிய மூக்கு துருத்திக்கொண்டிருக்கும். இளைஞர்களுக்கு அதன் மேல் ஒரு மோகம். இந்தக் காரில் முன் கிரில்லிலிருந்தே பானெட்டின் அடிப்பக்கமாகக் காற்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். மூக்கு போனது. வெளியிலிருந்து பார்த்தால் இது டர்போ என்று சொல்லவே முடியாது. குடும்பக் காருக்கு அதுவே அழகு என்பது என் கட்சி.

ஜப்பானில் இதே காரை இதே 2 லிட்டர் அளவில் டர்போ இல்லாமலும் விற்றார்கள். அதன் முறுக்குவிசை 196 நியூட்டன் மீட்டர். அது முழுதாகக் கிடைக்க எஞ்சின் நிமிடத்துக்கு 4,200 சுற்றைத் தொட வேண்டும். டர்போவில் 350; அதுவும் 2,000 சுற்றிலேயே. விளம்பரங்கள் 280 குதிரைசக்தியைத்தான் கொட்டை எழுத்தில் போடும். அந்தக் குதிரைகள் முழுதாக வருவதோ 5,700 சுற்றில். குடும்பத்தோடு போகிறவர் அங்கே போவதே இல்லை. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக மலையேறும்போது, எஞ்சினை அலறவிடாமல் லாரியைத் தாண்ட உதவுவது அந்த 2,000 சுற்று 350-தான்.

டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் ஏன் ஜோடி சேர்ந்தன என்பதும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. வண்டி கிளம்பும்போது அந்த 350, கியர்பாக்ஸில் ஏறக்குறைய 13 மடங்கு பெருகிச் சக்கரத்துக்கு வருகிறது. டயரின் விளிம்பில் அது ஏறத்தாழ 1,300 கிலோ எடையைத் தூக்கும் விசை. 1,600 கிலோ வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டும் காய்ந்த சாலையில்கூட 700 கிலோ அளவுக்குத்தான் பிடித்துக்கொள்ளும். மிச்சம்? டயர் கிறீச்சிடும், ஸ்டீரிங் கையில் முறுக்கிக்கொள்ளும். நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தால் கிட்டத்தட்ட அடங்கிவிடும். ஆடி 1980-ல் தன் குவாட்ரோவில் டர்போவையும் நான்கு சக்கர இயக்கத்தையும் சேர்த்து ரேலிப் பந்தயங்களைக் கலக்கியதன் சூட்சுமமும் இதுவே.

பனியில் கணக்கு இன்னும் பட்டவர்த்தனம். இறுகிய பனியில் பிடிமானம் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 400 கிலோ என்றால், ஒரு சக்கரத்தால் 80 கிலோ இழுவைதான் தர முடியும். இரண்டு சக்கர இயக்க வண்டிக்கு 160, நான்கு சக்கர இயக்க வண்டிக்கு 320. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் இந்த வண்டியைப் பின்னோக்கி இழுப்பது சரியாக 160 கிலோ. முன்சக்கர வண்டி அங்கே நின்றுவிடும். நான்கு சக்கர வண்டி பாதி பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறிப்போகும்.

ஆனால் ஏறிய வண்டி இறங்கவும் வேண்டுமே. நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் பாதுகாப்பானது என்று ஷோரூமில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் ஏற்கெனவே இருக்கிறது. ஷாஃப்டும் கிளட்சும் அதில் ஒன்றும் கூட்டுவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் பிரேக் அடித்தால் காய்ந்த சாலையில் 18 மீட்டரில் நிற்கும் வண்டி, பனியில் 70 மீட்டர் வழுக்கித்தான் நிற்கும். இரண்டு சக்கர இயக்க வண்டிக்கும் இதே கணக்குதான். போதாக்குறைக்கு, நான்கு சக்கர வண்டி சிரமமில்லாமல் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுநருக்கு உறைக்காமல் போகும். நல்ல பனி டயர் உள்ள சாதாரணக் காரையும், தேய்ந்த டயர் உள்ள நான்கு சக்கர டர்போவையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

டயர் விஷயத்தில் இந்தக் கார் இன்னொரு செலவும் வைக்கும். ஒரு டயர் வெடித்து, அதை மட்டும் புதிதாக மாற்றினால், புது டயரின் சுற்றளவு தேய்ந்தவற்றை விடக் கூடுதலாக இருக்கும். நேர்ச்சாலையிலும் வண்டி வளைவில் போவதாகவே கிளட்ச் தட்டுகளுக்குப் படும். ஓயாமல் வழுக்கிச் சூடேறும். சுற்றளவு வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சுபாருவின் விதி.

பெட்ரோல் செலவும் உண்டு, பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் டர்போ இல்லாத 2.5 லிட்டர் ஃபாரஸ்டர் லிட்டருக்குச் சுமார் 11.5 கிலோமீட்டர், டர்போ 10.6. இருந்தும் 2018-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் டர்போவைத் தூக்கிவிட்டார்கள். புகைக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. 2020-ல் ஜப்பானில் மட்டும் டர்போ திரும்பி வந்தது, அதுவும் சுபாவம் மாறி. 1.8 லிட்டர், 177 குதிரைசக்தி, 1,600 சுற்றிலேயே 300 நியூட்டன் மீட்டர். மிதமான ஓட்டத்தில் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு காற்றோடு பெட்ரோலை எரிக்கிறது; பலத்துக்குத் திணித்த காற்று இப்போது சிக்கனத்துக்கும் பயன்படுகிறது.

2025-ல் ஜப்பானில் வந்த ஆறாம் தலைமுறையில் இந்த டர்போவும் ஹைபிரிட்டும் பக்கத்தில் பக்கத்தில் விற்கின்றன. ஹைபிரிட் என்றால் பின்சக்கரங்களுக்குத் தனியே ஒரு சிறு மின்மோட்டார் வைத்துவிட்டு, நீண்ட ஷாஃப்டைக் கழற்றி எறிவது பல கம்பெனிகளின் வழக்கம். சுபாரு அதைச் செய்யவில்லை. ஹைபிரிட்டிலும் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து இரும்பு ஷாஃப்ட் நேராகப் பின் ஆக்சிலுக்குப் போகிறது.